ஒரே சீருடை, இரண்டு சம்பளம்

குழுவாக வேலை செய்வது எப்படி என்று இந்தியத் தொழில்துறைக்குக் காட்டிய நிறுவனம் மாருதி. அந்தக் குழுவின் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதில்தான் இன்றைய நிர்வாகிகளுக்கான பாடம் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் ஓர் இந்தியத் தொழிற்சாலையில் யார் பெரியவர், யார் சிறியவர் என்று தெரிந்துகொள்ள அதிகம் அலைய வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால் போதும். தொழிலாளர்களுக்கு ஒரு கேன்டீன், மேற்பார்வையாளர்களுக்கு இன்னொன்று, அதிகாரிகளுக்கு மேசை விரிப்பு போட்ட தனி அறை. கழிப்பறைகளிலும் இதே பிரிவினை. பொதுத்துறையோ தனியார் துறையோ, பல ஆலைகளில் நிலைமை இதுதான்.

இந்தப் பழக்கத்தை வெளிப்படையாக உடைத்தது டில்லியை ஒட்டிய குர்கானில் உருவான ஓர் அரசு நிறுவனம். சஞ்சய் காந்தி தொடங்கி, ஒரு காரைக்கூட ஒழுங்காகச் சந்தைக்கு அனுப்பாமல் மூழ்கிப்போன மாருதி நிறுவனத்தின் சொத்துகளை மத்திய அரசு 1980-ல் எடுத்துக்கொண்டது. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் பிறந்தது. அதை நடத்த அழைக்கப்பட்டவர் வி. கிருஷ்ணமூர்த்தி. தமிழ்நாட்டில் பிறந்தவர், திருச்சி பாய்லர் ஆலையை வளர்த்தெடுத்தவர், பிறகு பெல் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர். அவருடன் சேர்ந்துகொண்டவர் 1956-ம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆர்.சி. பார்கவா. 1982 அக்டோபர் 2 அன்று ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசுகிக்கு அப்போது கிடைத்தது 26 சதவீதப் பங்கு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை பிரதமர் இந்திரா காந்தி வாடிக்கையாளரிடம் கொடுத்தார்.

காருடன் சேர்ந்து பழக்கங்களும் இறக்குமதியாயின. நிர்வாக இயக்குநர் முதல் பெயின்ட் கடையின் உதவியாளர் வரை எல்லோருக்கும் ஒரே சீருடை. எல்லோருக்கும் ஒரே கேன்டீன், ஒரே வரிசை. அலுவலகத்தில் மூடிய அறைகளுக்குப் பதிலாகத் திறந்த கூடம். ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து உடற்பயிற்சி. இயந்திரத்தைத் துடைப்பது துப்புரவுப் பணியாளரின் வேலை, இயக்குபவரின் வேலை அல்ல என்ற எண்ணத்துக்கும் முற்றுப்புள்ளி. தன் இடத்தைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை எளிதாக்க யோசனை சொன்னால் பரிசு. ஒரே பிரிவில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து உட்கார்ந்து குறைகளை ஆராயும் 'தர வட்டங்கள்'.

தர வட்டம் இந்தியாவுக்கு முற்றிலும் புதிதல்ல. ஜப்பானில் 1962-ல் தொடங்கிய இந்த முறையை, மாருதி கார் வெளிவருவதற்கு முன்பே ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரம் பெல் ஆலை முயன்று பார்த்திருந்தது. 1982-ல் ஹைதராபாத்தில் இதற்கென ஓர் அமைப்பே உருவானது. மாருதியில் புதுமை என்னவென்றால், இது ஒரு தனித் திட்டமாக ஒட்டவைக்கப்படாமல் அன்றாட நடைமுறையாக இருந்தது. டில்லி அரசு அலுவலகங்களில் பியூன் பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் காலத்தில், ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் தட்டேந்தி வரிசையில் நின்றது நிச்சயம் செய்திதான்.

பத்திரிகைகள் இதைத்தான் படம்பிடித்தன. நிர்வாகவியல் கல்லூரிகள் இதைத்தான் பாடமாக்கின. பிற நிறுவனங்கள் இதைத்தான் காப்பியடித்தன. ஆனால் தட்டுக்கும் சீருடைக்கும் பின்னால் இருந்த பேரத்தை அந்த அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை.

பேரம் எளிமையானது. ஆண்டுக்கு 1 லட்சம் வண்டிகள் என்ற இலக்குடன் ஆலை வளர்ந்துகொண்டிருந்தது. 1983-ல் முன்பதிவு திறந்த சில வாரங்களிலேயே 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கு வேலை நிரந்தரம் என்ற நம்பிக்கை இருந்தது. உற்பத்தி கூடினால் ஊக்கத்தொகை கூடியது. பலர் பயிற்சிக்கு ஜப்பான் போய் வந்தார்கள். ஊழியர்கள் சொந்த வீடு கட்டிக்கொள்ள நிறுவனம் உதவியது. யோசனை சொல்லி ஒரு நிமிட வேலையை அரை நிமிடமாக்கினால், அதனால் தன் வேலையோ பக்கத்தில் நிற்பவரின் வேலையோ பறிபோகாது என்பது தொழிலாளிக்குத் தெரியும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் யோசனைப் பெட்டி காலியாகத்தான் கிடக்கும்.

ஜப்பானிலும் நடந்தது இதுதான். அங்கே தொழிலாளியும் முதலாளியும் பிறவியிலேயே ஒற்றுமையானவர்கள் என்று நினைப்பது தவறு. 1950-ல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனர் கிய்சிரோ டொயோடாவே பதவி விலக நேர்ந்தது. அதற்குப் பின்னரே பெரிய நிறுவனங்களில் ஓர் ஏற்பாடு வேரூன்றியது. நீ நிறுவனத்தோடு நில், நிறுவனம் உன் வேலையைக் காப்பாற்றும். காலை உடற்பயிற்சியும் தர வட்டமும் அந்த ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்ட மாடிகள். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடியை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. மாருதியின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த அஸ்திவாரத்தின் இந்திய வடிவம் குர்கானில் இருந்தது.

பிறகு சந்தை மாறியது. 1991-க்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 1998-ல் சென்னையை ஒட்டிய ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோவும் டாடாவின் இண்டிகாவும் ஒரே ஆண்டில் களமிறங்கின. போட்டியே இல்லாத காலத்தில் தாராளமாக இருந்த ஊக்கத்தொகை இப்போது செலவாகத் தெரிந்தது. 2000-ம் ஆண்டு ஊக்கத்தொகைத் திட்டம் பற்றிய தகராறு முற்றி, சுமார் மூன்று மாதங்கள் நீண்டது. ஆலைக்குள் நுழைய வேண்டுமானால் 'நன்னடத்தை உறுதிமொழி'யில் கையெழுத்திட வேண்டும் என்றது நிர்வாகம். அடுத்த சில ஆண்டுகளில் விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. 2002-ல் நிறுவனத்தின் கட்டுப்பாடு சுசுகியின் கைக்குப் போனது. 2007-ல் அரசு தன் கடைசிப் பங்குகளையும் விற்று வெளியேறியது.

அதே சமயத்தில் குர்கானிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மானேசரில் இரண்டாவது கார் ஆலை எழுந்தது. நவீனமான ஆலை. இயந்திர மனிதர்கள் வெல்டிங் செய்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு கார் என்ற வேகம். இங்கேயும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன், காலை உடற்பயிற்சி. வெளியிலிருந்து பார்த்தால் குர்கானின் தம்பி.

உள்ளே கணக்கு வேறு. அசெம்பிளி வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்ல. ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சியாளர்கள், அப்ரண்டிஸ்கள் என்று பல பெயர்கள். நிரந்தர ஊழியர் பொருத்தும் அதே கதவை, அதே வேகத்தில், பக்கத்திலேயே நின்று பொருத்தும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம் பாதியோ அதற்கும் குறைவோ. நிரந்தர ஊழியருக்கும் வாழ்க்கை சொகுசாக இல்லை. ஒரு ஷிப்டில் சாப்பாட்டுக்கு அரை மணி, தேநீருக்கு இரண்டு முறை ஏழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடத்துக்குள் கழிப்பறைக்கும் போய், டீயும் குடித்து, வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் மாத ஊக்கத்தொகையில் பெரிய துண்டு விழும்.

2011 ஜூன் 4 அன்று மானேசர் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 13 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டத்தின் முதல் கோரிக்கை சம்பளம் அல்ல, தங்களுக்கென ஒரு சங்கம். குர்கானில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கிறது, அதுவே போதும் என்பது நிர்வாகத்தின் நிலை. ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் அந்த நன்னடத்தை உறுதிமொழி வந்தது. கையெழுத்திடாதவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அக்டோபரில் மறுபடி வேலைநிறுத்தம். அப்போது நடந்த ஒரு விஷயம் நிர்வாகங்கள் கவனித்திருக்க வேண்டியது. ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நிரந்தர ஊழியர்கள் குரல் கொடுத்தார்கள். இந்தியத் தொழிற்சங்கங்கள் பொதுவாக நிரந்தர ஊழியரின் வாசலைத் தாண்டுவதில்லை. மானேசர் இளைஞர்கள் தாண்டினார்கள். நிர்வாகம் சீருடையில் மட்டும் காட்டிய 'நாம்' என்ற சொல்லை அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2012-ல் புதிய சங்கம் பதிவானது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. ஜூலை 18 காலையில் ஒரு மேற்பார்வையாளருக்கும் தொழிலாளிக்கும் தகராறு. தொழிலாளி தாக்கினார் என்றது நிர்வாகம். சாதியைச் சொல்லித் திட்டியதால்தான் தகராறு என்றது சங்கம். தொழிலாளி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மாலைக்குள் ஆலையில் வன்முறை வெடித்தது. அலுவலகம் எரிந்தது. மனிதவளப் பிரிவின் பொது மேலாளர் உயிரிழந்தார். அதிகாரிகள் பலர் படுகாயமடைந்தார்கள். எந்தக் கோரிக்கையும், எந்த அவமானமும் அந்தச் சாவை நியாயப்படுத்தாது.

அதற்குப் பின் நடந்ததும் சாதாரணமானதல்ல. ஒரு மாதம் ஆலை பூட்டிக்கிடந்தது. நிரந்தர ஊழியர்கள் 546 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல நூறு பேர் எந்த உத்தரவும் இல்லாமலே காணாமல் போனார்கள். வழக்கில் சிக்கிய 148 பேரில் 117 பேரை 2017 மார்ச்சில் குர்கான் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களில் பலர் அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்கள். குற்றவாளிகள் எனத் தீர்ப்பான 31 பேரில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை.

அந்த ஜூலை மாலைக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் விஷயம். நிறுவனங்களைக் கட்டுபவர்களுக்கான கேள்வி வேறு. முப்பது ஆண்டுகளாகக் குழுப்பணியைக் கற்பித்த ஒரு நிறுவனத்தில், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் பேசுவதற்கு ஒரு வழிகூட மிச்சமில்லாமல் போனது எப்படி?

ஒரு பகுதி பதிலை நிறுவனமே செயலில் சொன்னது. கலவரத்துக்குப் பின் உற்பத்தி வரிசையில் கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. தற்காலிக ஊழியர்களைத் தானே நேரடியாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. இது முன்னேற்றம். கான்ட்ராக்டர் என்ற நடுச்சுவர் இடிந்தால் சம்பளம் யார் தருகிறார், குறையை யாரிடம் சொல்வது என்பதாவது தெளிவாகும். ஆனால் சில மாதங்களுக்கு மட்டும் வந்து, வேலை கற்றுக்கொண்டு, பெயர் பழகும்போது வீட்டுக்கு அனுப்பப்படும் ஒருவரைக் குழுவின் உறுப்பினர் என்று சொல்வது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.

மானேசர் ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 டிசம்பர் 12 அன்று கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நரசாபுரா என்ற இடத்தில், ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையை அதன் தொழிலாளர்களே அடித்து நொறுக்கினார்கள். அங்கேயும் பெரும்பான்மையோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆலை தொடங்கிய சில மாதங்களில் ஆட்களின் எண்ணிக்கை மளமளவென்று உயர்ந்தது. அந்த வேகத்துக்குச் சம்பளக் கணக்கு ஈடுகொடுக்கவில்லை. சிலருக்குச் சம்பளம் சரியாகவும் நேரத்துக்கும் போய்ச் சேரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, ஓர் உயர் அதிகாரியை நீக்கியது. ஆப்பிள் நிறுவனம் புதிய ஆர்டர் தருவதை நிறுத்திவைத்தது. கான்ட்ராக்டர் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

நிர்வாகத் தரப்பிலும் நியாயம் உண்டு. கார் விற்பனை தீபாவளிக்கு ஒரு மாதிரி, மார்ச்சில் ஒரு மாதிரி. எல்லோரையும் நிரந்தரமாக்கிவிட்டுச் சந்தை சரிந்தால் என்ன செய்வது? 1976-ல் கொண்டுவந்து 1980களில் இறுக்கப்பட்ட விதிப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய 2025 வரை அரசின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி கிடைப்பது அபூர்வமாக இருந்தது. ஆகவே நிறுவனங்கள் வாசல் வழியாக நுழைய முடியாததை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்தன. 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருந்தும், தடை செய்யப்பட்ட வேலையில் ஒப்பந்தத் தொழிலாளி இருந்தால்கூட அவர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஜன்னல் இன்னும் அகலமானது. இன்று அமைப்புசார்ந்த தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்கிறது மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்துறை ஆய்வு.

2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் கணக்கை மாற்றி எழுத முயல்கின்றன. அனுமதி பெற வேண்டிய வரம்பு 300 பேராக உயர்ந்தது. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக நியமிக்கப்படுபவருக்கு நிரந்தர ஊழியருக்கு இணையான சலுகைகளும், ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டியும் உண்டு. நிறுவனத்தின் முக்கியப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்ற விதியும், அதைத் தளர்த்தும் விலக்குகளும் கூடவே உள்ளன. ஆளை அனுப்பும் வசதி கூடியிருக்கிறது. இனியும் கான்ட்ராக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நிறுவனங்களுக்குக் காரணம் குறைவு.

இதையெல்லாம் கார் ஆலையின் கதை என்று வங்கிக் கிளையின் மேலாளரோ, மருத்துவமனை நிர்வாகியோ, மென்பொருள் நிறுவனத்தின் திட்டத் தலைவரோ ஒதுக்கிவிட வேண்டாம். வங்கியில் கடன் விண்ணப்பத்தை வீட்டுக்கு வந்து வாங்கிப் போகும் இளைஞர் வங்கியின் ஊழியர் அல்ல. மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் ஏஜென்சியின் ஆள். மென்பொருள் அலுவலகத்தில் கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறமே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லிவிடும். குழு உணர்வை வளர்க்க என்று ஊழியர்களை ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய் கயிறு இழுக்கச் சொல்லும் நிறுவனங்கள், அந்தப் பஸ்ஸில் யாருக்கு இடமில்லை என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

குழுவைக் கட்ட நினைப்பவர் முதலில் எண்ண வேண்டியது அதைத்தான். வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் பொருளைத் தொடுபவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது? இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் நிறுவனத்தின் உண்மையான பிளவு.

அடுத்தது சம்பளம். எல்லோருக்கும் ஒரே தொகை என்று எந்தத் தொழிற்சங்கமும் கேட்பதில்லை. அனுபவத்துக்கும் திறமைக்கும் கூடுதல் கொடுப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் நிற்பவர் செய்யும் அதே வேலைக்குத் தனக்கு ஏன் பாதி என்பதற்கு மேற்பார்வையாளரிடம் பதில் இல்லாதபோதுதான் மனம் கசக்கிறது. பதில் சொல்ல முடியாத வித்தியாசத்தை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே உத்தமம்.

மூன்றாவது, நிரந்தரத்துக்கான பாதை. எத்தனை மாதம், என்ன தேர்வு, எத்தனை இடம் என்பது எழுத்தில் இருந்தால் தற்காலிக ஊழியரும் வேலையைத் தன்னுடையதாக நினைப்பார். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று ஆண்டுகளை ஓட்டினால் அவர் வேறு வேலையைத்தான் பார்ப்பார்.

கடைசியாக, கேட்கும் காது. மானேசரில் சங்கம் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டதை நிர்வாகம் அச்சுறுத்தலாகப் பார்த்தது. 2024-ல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் ஆலைக்கு வெளியே அமர்ந்ததும் இதே கேள்விக்காகத்தான். தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவர் பேச வந்தால் பேச்சு கசப்பாக இருக்கலாம். ஆனால் அவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும். நிர்வாகம் பொறுக்கியெடுத்த பிரதிநிதியுடன் பேசுவது சுகம். அவர் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது நெருக்கடி வரும் நாளில்தான் தெரியும்.

1983-ல் குர்கானில் அதிகாரியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றது உண்மையான சாதனை. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்த வரிசைக்குப் பின்னால் நாளைக்கும் இந்த வேலை இருக்கும் என்ற உறுதி இருந்தது, அதனால் வரிசைக்கு அர்த்தம் இருந்தது. உறுதியை எடுத்துவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால், சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக நிற்பவர்கள் சம்பள நாளில் தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள். அந்த நாளன்று குழு எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்தால் நிறுவனத்தின் பலம் தெரிந்துவிடும்.